ஒளிக்கற்றை தடைபட்டால் எலி நடந்ததாகுமா?

சுண்டெலி ஒன்று பத்து நிமிட நேரத்தில் எவ்வளவு நடமாடுகிறது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்கெடுத்தால், வேலையற்ற வேலை என்று நீங்கள் சிரிக்கக்கூடும். ஆனால் உறக்க மாத்திரை, மனநோய்க்கான மருந்து, களைப்பைப் போக்கும் மருந்து எனப் பலவற்றின் ஆய்வுக்கூட வரலாற்றில் இத்தகைய கணக்கு ஒன்று இருக்கிறது. மருந்து செலுத்திய எலியின் நடமாட்டம் குறைந்தால் அது நரம்புகளை அமைதிப்படுத்தும் மருந்து. கூடினால் கிளர்ச்சியூட்டும் மருந்து. முதற்கட்டத் தீர்ப்பு இவ்வளவு எளிமையானது. இந்தக் கணக்கை இன்று பெரும்பாலும் மனிதர் எடுப்பதில்லை, கணிப்பொறி எடுக்கிறது. திரையில் ஓர் எண் வருகிறது. 412 என்று வந்தால் 412தான். யார் மறுக்க முடியும்?

மறுக்கலாம் என்பதே என் கட்சி. என் பாடம் உயிரியல் அன்று. தருமபுரியில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். எனினும் இந்தக் கருவியைத் திறந்து பார்த்தால், எலி ஒன்றைத் தவிர மற்றவை யாவும் இயற்பியலே: விளக்கு, ஒளிமின்கலம், மின்துடிப்பு, எண்ணி. ஆகவே, அடுத்த வீட்டுத் தோட்டத்தில் நுழைந்துவிட்டேன் என்று உயிரியல் ஆசிரியர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

உருளையிலிருந்து திரை வரை

நடமாட்டத்தை அளக்கும் ஆசை கணிப்பொறிக்கு மிகவும் முந்தையது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட் ரிக்டர், 1922இல் வெளியிட்ட ஆய்வுக்காக, எலிக்கூண்டையே ரப்பர்ச் சவ்வு பொருத்திய காற்றுக்கிண்ணங்களின்மேல் நிறுத்தினார். எலி அசைந்தால் கூண்டு அசையும். கிண்ணத்துக் காற்று அமுங்கும். அந்த அமுக்கம் ஓர் எழுதுமுள்ளை அசைக்க, சுழலும் உருளையில் கோடு விழும். 1934இல் கால்வின் ஹால் என்னும் உளவியலார் எலியை வட்டமான திறந்த அரங்கில் விட்டு, அச்சத்தால் அது போடும் புழுக்கைகளைக்கூட எண்ணினார். 'திறந்த அரங்குச் சோதனை' என்ற பெயரில் அது இன்றும் நடைபெறுகிறது. 1953இல் டியூஸ் என்னும் மருந்தியலார், எலிப்பெட்டியின் குறுக்கே ஒளிக்கற்றையைச் செலுத்தி, அது எத்தனை முறை தடைபடுகிறது என்று எண்ணி, மருந்துகளின் விளைவை மதிப்பிட்டார்.

நம் நாட்டு மருந்தியல் கல்லூரிகளில் 'ஆக்டோபோட்டோமீட்டர்' என்று ஒரு பெட்டி இருக்குமே, அது இந்த மூன்றாம் வகையின் வாரிசு. பெட்டியின் ஒரு சுவரில் விளக்குகள், எதிர்ச்சுவரில் ஒளிமின்கலங்கள். எலி குறுக்கே வந்தால் மின்கலத்தில் விழும் ஒளி மறைகிறது, மின்னோட்டம் குறைகிறது, எண்ணி ஒரு எண் ஏறுகிறது. பிற்காலக் கருவிகளில் விளக்குக்குப் பதில் எலியின் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரும், எண்ணிக்குப் பதில் கணிப்பொறியும் வந்தன. அதன் பின்னர் மேலிருந்து பார்க்கும் நிகழ்படக் கருவி வந்தது. எலியின் உருவத்தைக் கணிப்பொறியே பிரித்தறிந்து, அதன் பாதையை வரைந்து, இத்தனை மீட்டர் நடந்தது என்று சொல்லிவிடுகிறது.

இந்த வளர்ச்சியைக் குறைகூறும் எண்ணம் எனக்கில்லை. இரவு முழுவதும் கண்விழித்து ஐம்பது எலிகளை ஒரு மனிதன் பார்க்க முடியாது. மனிதனுக்குச் சலிப்பு வரும், உறக்கம் வரும், விருப்பு வெறுப்பும் வரும். கருவிக்கு இவை இல்லை. ஆனால் கருவிக்கு இல்லாத இன்னொன்றும் உண்டு: எதை எண்ணுகிறோம் என்ற அறிவு.

ஒளிக்கற்றைக்கு என்ன தெரியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளிக்கற்றைகள் 2.5 செ.மீ. இடைவெளியில் அமைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வாலை விட்டுவிட்டால் வளர்ந்த சுண்டெலியின் நீளம் சுமார் 8 அல்லது 9 செ.மீ. ஆகவே அது சும்மா நிற்கும்போதே மூன்று கற்றைகளை மறைத்துக்கொண்டு நிற்கும். அது 10 செ.மீ. முன்னேறினால் புதிதாக நான்கு கற்றைகளை மறைக்கும்; எண் நான்கு ஏறும். அதே எலி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து முகம் கழுவுகிறது. தலை ஒரு கற்றையின் விளிம்பில் முன்னும் பின்னும் பத்து முறை ஆடுகிறது. எண் பத்து ஏறும்! நடந்த எலிக்கு நான்கு, நடக்காத எலிக்குப் பத்து. பின்னதுதான் 'சுறுசுறுப்பான' எலி.

நல்ல கருவிகளைச் செய்வோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஒரே கற்றை மீண்டும் மீண்டும் தடைபட்டால் அதை ஒரு கணக்கிலும், அடுத்தடுத்த கற்றைகள் வரிசையாகத் தடைபட்டால் அதை 'நடை' என்று வேறொரு கணக்கிலும் அவர்கள் சேர்க்கிறார்கள். ஆனால் இத்தனை கற்றைகள் தொடர்ந்து மறைந்தால்தான் நடை என்ற விதியை யாரோ ஒருவர் எழுதிக் கணிப்பொறிக்குள் வைத்திருக்கிறார். விதியை மாற்றினால் எண் மாறும்; எலி மாறாது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த விதி குறிப்பிடப்படுகிறதா என்று தேடிப் பாருங்கள். பல கட்டுரைகளில் கருவியின் பெயர் இருக்கும், விற்ற நிறுவனத்தின் பெயர் இருக்கும், விதி இராது.

பழ ஈயின் கதையும் இத்தகையதே. ஈயின் உறக்கத்தை ஆராய்வோர், 5 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள கண்ணாடிக் குழாயில் ஓர் ஈயை அடைத்து, நடுவே ஓர் அகச்சிவப்புக் கற்றையைச் செலுத்துகிறார்கள். ஐந்து நிமிடம் கற்றை தடைபடாவிட்டால் ஈ உறங்குகிறது என்பது நடைமுறைக் கணக்கு. 2000ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்த ஈ-உறக்க ஆய்வுகளில் பெரும்பகுதி இக்கருவியால் நடந்தது. அதனால் மிகப் பெரிய பயன்களும் விளைந்தன. ஆனால் குழாயின் ஒரு முனையில்தான் உணவு இருக்கிறது. ஈ அங்கேயே அமர்ந்து தின்றுகொண்டும் காலைத் தேய்த்துக்கொண்டும் இருந்தால், நடுக்கற்றைக்கு அது தெரியாது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதே ஈக்களை நிகழ்படத்திலும் பதிவு செய்து ஒப்பிட்டு, ஒற்றைக் கற்றை உறக்கத்தை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று கண்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை உறங்குகிறார் என்று வருகைப்பதிவேட்டில் எழுதியதுபோல!

வேப்பமரத்தின் நடமாட்டம்

மருந்தியல் கல்லூரி ஒன்றில் பணிபுரியும் நண்பர் ஒருவர், அவர்களிடமிருந்த பழைய ஆக்டோபோட்டோமீட்டரைப் பற்றி ஒருமுறை என்னிடம் வியந்து சொன்னார்: "பிற்பகலில் மட்டும் எலிகள் துள்ளுகின்றன சார்; எண் இரு மடங்காகிறது." எலியை வெளியே எடுத்துவிட்டுக் கருவியை ஓடவிடுங்கள் என்றேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது. மேற்குச் சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். சாய்வெயில் அதன் கிளைகளின் ஊடே வந்து, பெட்டி மூடியின் இடுக்கு வழியே ஒளிமின்கலத்தில் விழுந்தது. காற்றடித்தபோதெல்லாம் இலை நிழல் ஆடியது, எண்ணி எண்ணியது. அக்கருவி வேப்பமரத்தின் நடமாட்டத்தைத்தான் அளந்துகொண்டிருந்தது.

இதற்கு மருந்து எளிது. அகச்சிவப்பு ஒளியை இடைவிடாமல் அனுப்பாமல், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் விட்டுவிட்டு அனுப்ப வேண்டும். அதே அதிர்வெண்ணில் வரும் ஒளியை மட்டுமே பெறும் கருவி ஏற்க வேண்டும். நம் வீட்டுத் தொலைக்காட்சி ரிமோட் இம்முறையில்தான் வேலை செய்கிறது. அதனால்தான் குழல்விளக்கும் வெயிலும் அதைக் குழப்புவதில்லை. மருந்து எளிதாக இருக்கலாம். நோய் இருக்கிறது என்று தெரிய, பெட்டியை ஒரு மணி நேரம் வெறுமையாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமே! எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவன்கூட, திருகு அளவியை எடுத்தவுடன் சுழிப்பிழை பார்க்காமல் கம்பியின் விட்டத்தை அளக்கமாட்டான். ஓர் உயிரைப் பெட்டியில் வைத்து அளக்கும் கருவிக்குச் சுழிப்பிழை பார்ப்பது கூடுதல் சிரமம் ஆகாது.

நிகழ்படக் கருவி வந்தபின் இத்தொல்லைகள் ஒழிந்தன என்று நினைக்க வேண்டாம். அதில் வேறு வகைப் பேய் குடியிருக்கிறது. கணிப்பொறி ஒவ்வொரு படத்திலும் எலியின் உருவத்தைப் பிரித்து, அதன் நடுப்புள்ளியைக் குறிக்கிறது. அடுத்தடுத்த நடுப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரங்களைக் கூட்டினால் நடந்த தூரம். எலி அசையாமல் உறங்குகிறது என்று கொள்வோம். ஒளியின் சிறு மாறுபாட்டால் உருவத்தின் விளிம்பு படத்துக்குப் படம் சற்றே மாறும். நடுப்புள்ளி 1 மி.மீ. ஆடும். நொடிக்கு 25 படங்கள், பத்து நிமிடத்தில் 15,000 படங்கள், 15,000 மி.மீ. அதாவது, உறங்குகிற எலி 15 மீட்டர் நடந்துவிட்டது! புதிய அரங்கில் விடப்பட்ட சுறுசுறுப்பான சுண்டெலிகூடப் பத்து நிமிடத்தில் நடப்பது சில பத்து மீட்டர்கள்தான் என்பதை நினைத்தால், இந்த 15 மீட்டர் அற்பமன்று.

ஆட்டத்தைச் சமன்செய்யச் சூத்திரங்கள் உண்டு. அளவு மீறிச் சமன்செய்தால் எலியின் உண்மையான வளைவு நெளிவுகளும் தேய்ந்து, பாதை குறுகிவிடும். நொடிக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு தூரம், 25 முறை பார்த்தால் வேறு தூரம். கடற்கரையின் நீளம் அளவுகோலைப் பொறுத்து மாறும் என்ற புகழ்பெற்ற புதிரைப் படித்திருப்பீர்கள்; எலியின் பாதையும் ஒரு சிறு கடற்கரைதான். 2018இல் வெளிவந்த 'டீப்லேப்கட்' போன்ற முறைகளில், மூக்கு, காது, பாதம், வால் அடி என்று ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே தொடரக் கணிப்பொறிக்குப் பயிற்சி தர முடிகிறது. அருமையான முன்னேற்றம். ஆனால் மூக்கு எங்கே இருக்கிறது என்றுதான் அதுவும் சொல்கிறது. எலி எதை முகர்கிறது, ஏன் முகர்கிறது என்று சொல்லும் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது.

நடை வேறு, நிலை வேறு

கருவி குறையற்றது, எலி உண்மையாகவே குறைவாக நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது, அதன் நரம்பு அமைதியடைந்தது என்று சொல்லலாமா?

ஆம்பிட்டமின் என்ற கிளர்ச்சி மருந்தைப் பாருங்கள். குறைந்த அளவில் கொடுத்தால் எலி அங்குமிங்கும் ஓடுகிறது, எண் ஏறுகிறது. அளவைக் கூட்டினால் எலி ஓரிடத்தில் நின்று, ஓயாமல் முகர்ந்தும் கடித்தும் தலையாட்டியும் ஒரே செயலைச் செய்யத் தொடங்குகிறது. நடை குறைகிறது. நடையை மட்டும் பார்ப்பவர் மருந்தின் வேகம் தணிந்தது என்பார். உண்மையில் அது உச்சத்தில் இருக்கிறது.

மறுபக்கம், நடை குறைவதற்கு அமைதிதான் காரணமாக இருக்க வேண்டுமா? வயிற்றுவலி வந்த எலியும் நடக்காது. தசை தளர்ந்த எலியும் நடக்காது. குளிரில் விறைத்த எலி, அச்சத்தில் உறைந்த எலி, நஞ்சுண்டு சாகக் கிடக்கும் எலி, எதுவும் நடக்காது. புதிய பெட்டியில் விட்ட எலி முதற்சில நிமிடங்கள் மூலை முடுக்கெல்லாம் ஆராய்ந்துவிட்டு, பிறகு தானாகவே அடங்கிவிடும், மருந்தே தேவையில்லை. மேலும் எலி இரவில் விழித்திருக்கும் உயிர். நம் ஆய்வுக்கூடங்களோ காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை. உறங்கவேண்டிய நேரத்தில் எழுப்பி, ஊசி குத்தி, வெளிச்சத்தில் வைத்து, சுறுசுறுப்பு எவ்வளவு என்று கேட்கிறோம்.

இதில் வெறும் வாதம் மட்டும் இல்லை. நம் நாட்டில் மூலிகைச்சாறுகளைப் பற்றி வெளிவரும் மருந்தியல் கட்டுரைகளில் ஒரு வார்ப்பு இருப்பதைப் பழகிய வாசகர் உடனே கண்டுகொள்வார். குழுவுக்கு ஆறு எலிகள். ஒரு குழுவுக்கு வெறும் கரைப்பான். ஒன்றுக்குக் குளோர்ப்ரோமசின் அல்லது டயசிபாம். மற்றவற்றுக்குச் சாறு, இரண்டு அளவுகளில். ஆக்டோபோட்டோமீட்டரில் பத்து நிமிடம், முன்னும் பின்னும். எண் குறைந்தது. முடிவு: இச்செடிக்கு நரம்பு மண்டலத்தை அமைதிப்படுத்தும் பண்பு உண்டு, நாட்டு மருத்துவத்தில் இதன் பயன் அறிவியல் முறையில் மெய்ப்பிக்கப்பட்டது.

எங்கள் மாவட்டத்தில் சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து படிக்க வரும் மாணவர்கள் செடிகொடிகளின் பெயரை என்னைவிட நன்கு அறிந்தவர்கள். தங்கள் மலையின் செடி ஒன்று ஆய்விதழில் இடம்பெற்றால் அவர்கள் மகிழ்வது இயல்பு. அந்தச் செடியில் உண்மையான மருந்து இருக்கவும் கூடும். ஆனால் மேற்சொன்ன சோதனை மட்டும் அதை மெய்ப்பிக்காது. அச்சாறு எலிக்கு வயிற்றுக்கடுப்பைத் தந்திருந்தாலும் இதே எண்தான் வந்திருக்கும். தசை தளர்ந்ததா என்று அறியச் சுழல்தண்டுச் சோதனை உண்டு: மெதுவாகச் சுழலும் தண்டின்மேல் எலி விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். உடல்வெப்பம் பார்க்கலாம். உணவு உண்ணும் அளவு பார்க்கலாம். மூடிய உறையில் குழு எண்ணை வைத்து, எந்த எலிக்கு என்ன கொடுத்தது என்று அளப்பவருக்குத் தெரியாமல் செய்யலாம். இவற்றில் எதுவும் விலை உயர்ந்ததன்று. இவை இல்லாமல் எழுதப்படும் 'மெய்ப்பிக்கப்பட்டது' என்ற ஒரு சொல், செய்தித்தாளில் ஒரு வரியாகி, ஒரு பொட்டலத்தின் மேலுறையில் அச்சாகி, வலிப்புக்கோ மனநோய்க்கோ ஒழுங்காக மாத்திரை உட்கொண்டிருக்கும் ஒருவரை அதை நிறுத்தச் செய்யுமானால், பழி எலியின்மேல் போடமுடியாது.

ஊர் மாறினால் எண் மாறும்

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும்? 1999இல் 'சயன்ஸ்' இதழில் கிராப், வால்ஸ்டன், டூடெக் என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஆல்பனி, போர்ட்லண்டு, கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று ஊர்களில், எட்டு மரபுவகைச் சுண்டெலிகளுக்கு ஒரே ஆறு சோதனைகள். ஒரே வகைக் கருவி, ஒரே வயது, ஒரே நடைமுறை; உள்ளூர் நேரப்படி ஒரே மணிக்கு விளக்கு. இதைவிடக் கண்டிப்பாக ஒரு சோதனையை மூன்று இடங்களில் நடத்துவது அரிது.

அப்படியும் முடிவுகள் வேறுபட்டன. திறந்த அரங்கில் எட்மன்டன் எலிகள் மற்ற இரண்டு ஊர் எலிகளைவிடச் சராசரியாகக் கூடுதலாக நடமாடின. ஏன் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அந்தக் கட்டுரையில் ஒரு சிறு குறிப்பு உண்டு: எட்மன்டனில் சோதனை செய்த ஒருவருக்கு எலி ஒவ்வாமை, அவர் சுவாசக் கவசம் அணிந்தபடியே எல்லாச் சோதனைகளையும் செய்தார். அதுதான் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. நடைமுறைப் பட்டியலில் யாரும் எழுத நினைக்காத வேறுபாடு ஒன்று எப்போதும் இருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். 2014இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார், சோதனை செய்பவர் ஆண் என்றால் அவருடைய உடல்வாசனையே எலிகளுக்கு மன அழுத்தம் தந்து, வலி உணர்வைக் குறைக்கிறது என்று காட்டினர். ஆண் அணிந்து கழற்றிய பனியன் ஒன்றை அருகில் வைத்தாலே போதுமாம்!

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 1999 ஆய்வில் எல்லாமே குழம்பிவிடவில்லை. மரபுவகைகளுக்கு இடையே இருந்த பெரிய வேறுபாடுகள் மூன்று ஊர்களிலும் புலப்பட்டன. ஊருக்கு ஊர் தடுமாறியவை பெரும்பாலும் சிறிய வேறுபாடுகள். ஆறு எலிகளை வைத்துக்கொண்டு பத்து நிமிட எண்ணில் சிறு குறைவைக் கண்டு மகிழ்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

எவ்வளவு? எப்போது?

இத்தனை குறை சொன்னபின், நடமாட்டத்தை அளப்பதே வீண் என்று நான் கருதுவதாக நினைத்துவிடாதீர்கள். இதே எளிய அளவையால் மிக அழகிய உண்மைகள் வெளிப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று நம் மதுரையில்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் (1937–2009) உயிர்க்கடிகார ஆய்வுக்கு ஒரு பெரும் மரபையே உருவாக்கினார். அவருடைய ஆய்வுக்கூடத்தின் செல்ல விலங்குகளில் ஒன்று வயல் சுண்டெலி. எங்கள் ஊர்க் கேழ்வரகுக் கொல்லை வரப்பில் வளை தோண்டுகிற இனங்களைப் போன்ற சிற்றுயிர். 1985இல் என். விஸ்வநாதனும் அவரும் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினர். ஒளி மாற்றத்தால் பகல் இரவு அறிய வழியில்லாத சூழலில் குட்டிகளை வைத்து, தாயை நாள்தோறும் 12 மணி நேரம் உடன் இருக்கவிட்டு, 12 மணி நேரம் பிரித்தார்கள். பின்னர் குட்டிகளின் நடமாட்டத்தைப் பதிவு செய்தபோது, அவற்றின் உடற்கடிகாரம் தாயின் வரவுக்கும் பிரிவுக்கும் இசைய ஓடியது தெரிந்தது. சூரியன் செய்யும் வேலையைத் தாய் செய்திருக்கிறாள்!

அதற்கு முன் 1981இல் மாரிமுத்துவும் ராஜனும் சந்திரசேகரனும் வௌவாலை வைத்து இதற்கு இணையான ஒன்றைக் கண்டிருந்தனர். என்றும் இருள் நிறைந்த குகையில் கூண்டிலிட்ட வௌவாலின் பறக்கும் நேரம், அக்குகையில் சுதந்திரமாக வாழும் தன் இனத்தார் மாலையில் வெளியேறுவதையும் விடியலில் திரும்புவதையும் ஒட்டி அமைந்தது. துணையற்ற குகையில் அதன் கடிகாரம் தன்போக்கில் ஓடியது.

அந்நாளில் இவ்வகை ஆய்வுகளுக்குப் பயன்பட்ட கருவிகள் இன்றைய திரைகளோடு ஒப்பிட்டால் மிக எளியவை. எலிக்கு ஒரு சுழல்சக்கரம். அது சுற்றினால் நகரும் காகிதத்தில் ஒரு கோடு. நாள்தோறும் காகிதப் பட்டையை வெட்டி, ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டுவார்கள். பட்டைகள் சேரச்சேர, நடமாட்டம் தொடங்கும் நேரம் ஒரு சாய்கோடாகக் கண்ணுக்குத் தெரியும்.

இத்தகைய எளிய கருவி ஏன் நம்பத்தக்க விடை தந்தது? ஏனெனில் கேள்வி வேறு. அவர்கள் 'எவ்வளவு?' என்று கேட்கவில்லை, 'எப்போது?' என்று கேட்டார்கள். இயற்பியலில் இது பழைய பாடம். ஊசலின் வீச்சைத் துல்லியமாக அளப்பது கடினம். அலைவுநேரத்தை அளப்பது எளிது. எண்ணி பாதி அசைவுகளைத் தவறவிட்டாலும், முகம் கழுவுவதை நடையாக எண்ணினாலும், எலி எத்தனை மணிக்கு விழித்தது என்பது பெரும்பாலும் மாறாது. 1988இல் ரால்ஃபும் மெனாக்கரும் ஒரு வெள்ளெலியின் நாள் 24 மணிக்குப் பதில் சுமார் 22 மணி என்று கண்டதும், அதன் வழித்தோன்றல்களில் சிலவற்றுக்கு 20 மணியே நாள் என்று கண்டதும் இத்தகைய சக்கரப் பதிவினால்தான். ஈக்களின் கடிகார மரபணுவுக்காக ஹால், ரோஸ்பாஷ், யங் மூவர் 2017இல் நோபெல் பரிசு பெற்றதற்குப் பின்னாலும் இவ்வகை நடமாட்டப் பதிவுகள் உள்ளன.

(சக்கரத்தில் எலி ஓடுவது சிறைவாசத்தின் சலிப்பால்தான் என்று சொல்வோர் உண்டு. 2014இல் நெதர்லாந்தில் மெய்யரும் ராபர்சும் சக்கரத்தைத் திறந்த வெளியில் கொண்டுபோய் வைத்தார்கள். காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஓடின. தவளைகளும் நத்தையினத்து ஓடிலிகளும்கூட ஏறிப் பார்த்தனவாம்.)

மருந்தியலார் கேட்பதோ 'எவ்வளவு?' என்ற கடினமான கேள்வி. கடினமான கேள்விக்குக் கூடுதல் கவனம் வேண்டும். நடைமுறையில் குறைந்த கவனமே கிடைக்கிறது என்பதுதான் என் குறை.

திரையில் ஓடும் எலி

இறுதியாக, நம் மாணவர்களை நேரே தொடும் ஒரு மாறுதல். எங்கள் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் பலர் பி.பார்ம். படிக்கச் செல்கிறார்கள். அவர்களுடைய செய்முறைப் பாடத்தில் ஆக்டோபோட்டோமீட்டர் சோதனை இருக்கிறது. ஆனால் விலங்குச் சோதனைகளை மென்பொருள் வழியாகவும் படக்காட்சி வழியாகவும் காட்டவேண்டும் என்பது பாடத்திட்டத்தின் விதி. புதுச்சேரி ஜிப்மரில் உருவான 'எக்ஸ்பார்ம்' இத்தகைய கற்பித்தல் மென்பொருள்களுக்கு முன்னோடி. தவளையும் முயலும் எலியும் திரையில் வருகின்றன. மாணவர் மருந்தைத் தேர்ந்தெடுத்தால் விளைவு தெரிகிறது.

இம்மாற்றத்தை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். விலங்குச் சோதனையில் மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்று நெறிகளை ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இலேயே வகுத்தார்கள். ஆண்டுதோறும் ஒரே விடையைக் காண ஆயிரக்கணக்கான உயிர்களை வதைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மை எலி ஆசிரியரை எதிர்த்துப் பேசும். மருந்து கொடுத்தும் ஓடும், கொடுக்காமலும் படுத்துக்கொள்ளும். திரை எலி எழுதிவைத்தபடியே நடக்கும். அதனால் டயசிபாம் கொடுத்தால் எண் குறையும் என்பதை மாணவர் கற்கிறார்; எண் குறைந்தால் டயசிபாம் போன்ற மருந்துதான் என்று தலைகீழாகவும் கற்றுவிடுகிறார். முன்னது உண்மை. பின்னதுதான் மேலே நாம் பார்த்த கட்டுரைகளின் வேர்.

இதைச் சரிசெய்யப் புதிய மென்பொருள் வாங்கவேண்டியதில்லை. வகுப்பில் முப்பது மாணவர் இருந்தால், ஆசிரியர் முப்பது தாள்களில் முப்பது எலிகளின் எண்களைத் தரட்டும். அவற்றில் ஒரு தாளில் காய்ச்சலுற்ற எலி, ஒன்றில் கற்றையின் விளிம்பில் அமர்ந்து முகம் கழுவும் எலி, ஒன்றில் வேப்பமர நிழல் விழுந்த வெறும் பெட்டி இருக்கட்டும். எது எதுவென்று தாளில் குறிக்க வேண்டாம். கூடவே, ஒவ்வொருவரும் எலியைப் பற்றி ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம் என்று விதி வைக்கட்டும். உடல்வெப்பம் என்ன, சுழல்தண்டில் நின்றதா, பெட்டியில் எலி இருந்ததா என்று கேட்கும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.